பல்கலைக்கழகத்தின் பழைய கதையைத் தேடிப் போவது எப்படி? ஆவணக்காப்பகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி அதன் வாசல் கல்வெட்டு சொல்வது மிகக் கொஞ்சம். தொடங்கிய ஆண்டு, அடிக்கல் நாட்டியவர் பெயர், ஒரு வரி முழக்கம். அங்கே யார் படித்தார்கள், யாருக்கு இடம் மறுக்கப்பட்டது, எந்தப் பாடத்தை எவர் எதிர்த்தார், எந்த ஆண்டு எதற்காக வகுப்புகள் நின்றுபோயின என்பதெல்லாம் வேறோர் இடத்தில், அட்டைப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. அதுதான் பல்கலைக்கழக ஆவணக்காப்பகம்.

ஆய்வாளர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று பலர் அதன் பக்கமே போவதில்லை. ஆனால் கண்காட்சி, காப்பாளர் உரை, திறந்த நாள் என்று பொதுமக்களை உள்ளே அழைக்க ஆவணக்காப்பகங்கள் ஆண்டுதோறும் ஏதாவது செய்துகொண்டே இருக்கின்றன. முதலாமாண்டு மாணவர், எப்போதோ படித்து முடித்துப் போனவர், தாத்தா படித்த இடம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பேத்தி, பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வரலாற்று ஆர்வலர் என எல்லோரும் போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் இருப்பது, பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கும் தாள்களிலிருந்து யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த சில. அவற்றைப் பார்த்து ரசித்துவிட்டுத் திரும்பினால் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒரு தாளிலிருந்து அது வந்த கோப்புக்கும், அந்தக் கோப்பு கிடக்கும் பெட்டிக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. சின்னக் கேள்வியோடு கிளம்புங்கள்

"இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு என்ன?" என்று போய்க் கேட்டால் காப்பாளர் ஒரு நூற்றாண்டு மலரை எடுத்துக் கையில் கொடுப்பார். அதற்கு மேல் அவரால் உதவ முடியாது, ஏனென்றால் கேள்விக்கு எல்லை இல்லை. "முதல் பெண் மாணவர்கள் எங்கே தங்கினார்கள்?", "இந்த நூலகக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது யார்?", "போர்க்காலத்தில் தேர்வு நடந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது எந்த வரிசையில் எந்தப் பெட்டி என்று அவர் மனதில் உடனே ஓடத் தொடங்கும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தின் மேலேயே கேள்வி கேட்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம், தொடங்கிய ஆண்டு. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது. அந்த ஆண்டில் எழுதிய சாசனம் எதுவும் கிடையாது. சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களும் அவர்களைத் தேடி வந்த மாணவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உருவான இடம் அது. 1888இல் 800ஆம் ஆண்டு விழா எடுத்தபோது, கவிஞர் ஜொசுவே கார்டுச்சி தலைமையிலான குழுதான் அந்த ஆண்டை உறுதிசெய்தது. ஆக்ஸ்ஃபோர்டோ தனக்குத் திட்டவட்டமான தொடக்க ஆண்டே இல்லை என்று ஒப்புக்கொண்டு, 1096இல் ஏதோ ஒரு வடிவில் கற்பித்தல் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டு எந்தத் தாளை வைத்துச் சொல்லப்படுகிறது? சட்டம் நிறைவேறிய நாளா, முதல் வகுப்பு நடந்த நாளா, அதற்கு முன்பிருந்த கல்லூரி தொடங்கிய நாளா? முதல் கேள்விக்கு இதுவே போதும்.

2. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் பழம்பொருள்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. நிர்வாகக் கோப்புகளும் கூட்டக் குறிப்பேடுகளும் ஆவணக்காப்பகத்தில் இருக்கும். பேராசிரியர்களின் சொந்தக் கடிதங்களும் அரிய நூல்களும் நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் இருக்கலாம். பழைய ஆய்வுக் கருவிகள் துறை அருங்காட்சியகத்தில். சில இடங்களில் பதிவாளர் அலுவலகம் இன்னும் சில பதிவேடுகளைத் தன்னிடமே வைத்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு காப்பகம் உண்டு. பிரயன் ட்வைன் என்பவரை முதல் ஆவணக் காப்பாளராக 1634இலேயே நியமித்துவிட்டார்கள். ஆனால் அங்குள்ள கல்லூரிகள் ஒவ்வொன்றும் தன் ஆவணங்களைத் தனியாக வைத்திருக்கிறது. அதனால் ஒரு மாணவரின் கல்லூரி வாழ்க்கையைத் தேடுகிறவர் போய் நிற்க வேண்டிய வாசல் வேறு.

சில சமயம் ஆவணம் பல்கலைக்கழகத்திடமே இருக்காது. 1425இல் தொடங்கிய பழைய லூவன் பல்கலைக்கழகத்தைப் பிரெஞ்சு ஆட்சி 1797இல் மூடிவிட்டது. அதன் ஆவணங்களின் பெரும்பகுதி இன்று பெல்ஜிய அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. ஆட்சி மாறிய இடங்களிலும், பிரிந்தும் இணைந்தும் போன பல்கலைக்கழகங்களிலும் இப்படி நடப்பது வழக்கம். தேடியது கிடைக்கவில்லை என்றால் "இங்கே இல்லாவிட்டால் வேறு எங்கே இருக்கலாம்?" என்று கேளுங்கள். பெரும்பாலான காப்பாளர்களுக்குப் பதில் தெரியும்.

பல்கலைக்கழகம் எந்த வகை என்பதும் முக்கியம். 1836இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் அந்த அச்சிலேயே தொடங்கப்பட்டன. இப்படிப்பட்ட இடங்களின் பழைய ஆவணங்களில் தேர்வுத்தாள், தேர்ச்சிப் பட்டியல், பட்டமளிப்பு உரை ஆகியவை நிறைய இருக்கும். வகுப்பறையும் விடுதியும் இருக்காது. அவற்றுக்கு இணைப்புக் கல்லூரிகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

3. எந்த நிகழ்ச்சிக்குப் போவது?

சர்வதேச ஆவணக்காப்பகப் பேரவை 1948 ஜூன் 9 அன்று தொடங்கப்பட்டது. அதனால் ஜூன் 9ஐ உலகெங்கும் ஆவணக்காப்பக நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதை ஒட்டிய வாரத்தில் நிகழ்ச்சிகள் அதிகம். இது தவிர பட்டமளிப்பு வாரம், முன்னாள் மாணவர் சந்திப்பு, பொன்விழா, நூற்றாண்டு விழா ஆகியவற்றை ஒட்டியும் கண்காட்சிகள் வைப்பார்கள்.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், திறப்பு விழாவை விட்டுவிடுங்கள். கூட்டம் அதிகம், உரைகள் நீளம், பேழைக்கு அருகே நிற்கவே முடியாது. அதற்குப் பதிலாகக் காப்பாளரோ கண்காட்சியை அமைத்தவரோ கூடவே நடந்து விளக்கும் சுற்றுக்குப் போங்கள். அதைவிட நல்லது, பெட்டிகளைத் திறந்து மேசைமேல் பரப்பி வைக்கும் நிகழ்ச்சி. கண்ணாடி இல்லை. தாளின் பின்பக்கத்தைப் பார்க்கலாம். முத்திரையையும் மடிப்பையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பையும் கிட்டே நின்று பார்க்கலாம். முன்பதிவு கேட்பார்கள், இடம் குறைவாக இருக்கும். அறிவிப்பு வந்த அன்றே எழுதிப் போட்டுவிடுங்கள்.

விழாக்காலக் கண்காட்சிகளைப் பற்றி ஒரு சொல். அவை கொண்டாட்டத்துக்காக வைக்கப்படுபவை. பெருமைக்குரியது முன்னால் வரும், சங்கடமானது பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. பணமும் ஆளும் கிடைக்கும் நேரம் அது என்பதால், வேறு எப்போதும் வெளியே வராத பொருள்கள் அப்போதுதான் வரும்.

4. கண்காட்சியை இருமுறை சுற்றுங்கள்

முதல் சுற்றில் எதையும் எழுத வேண்டாம், எதற்கும் அதிக நேரம் நிற்கவும் வேண்டாம். கண்காட்சி என்ன கதை சொல்கிறது, எந்த ஆண்டில் தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் உங்களை இழுத்த மூன்று நான்கு பொருள்களிடம் மட்டும் போய் நில்லுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு விளக்கச் சீட்டு இருக்கும். பெரும்பாலோர் தலைப்பையும் ஆண்டையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சீட்டின் கடைசி வரியில், சின்ன எழுத்தில், எழுத்தும் எண்ணும் சாய்கோடும் கலந்த ஒரு குறிப்பெண் இருக்கும். அதுதான் அந்தப் பொருளின் முகவரி. பிறகு வாசிப்பறைக்குப் போய் இந்த எண்ணைச் சொன்னால் அதே பொருளையும், அதே கோப்பில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்களையும் கேட்டுப் பார்க்கலாம். சீட்டில் குறிப்பெண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த எண்தான்.

அறை ஏன் இத்தனை மங்கலாக இருக்கிறது என்று தோன்றும். பழைய தாளும் மையும் ஒளிப்படமும் வெளிச்சத்தில் வெளுக்கும். பட்ட சேதத்தைச் சரிசெய்ய முடியாது, அது சேர்ந்துகொண்டே போகும். அதனால் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தைத்தான் பொதுவாக வைப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏட்டின் பக்கத்தைத் திருப்பி வைப்பதும், மூலத்தை எடுத்துவிட்டு நகலை வைப்பதும் இதனால்தான். சீட்டில் "நகல்" என்று போட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். மூலம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

இப்போது ஒரு குழுப்படத்தின் முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு துறையின் படம், மூன்று வரிசை. நடுவே நாற்காலியில் துறைத்தலைவர், இருபுறமும் ஆசிரியர்கள், பின்னால் நிற்கும் மாணவர்கள். கீழே "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கிப் பெயர்கள். பெயர்களை எண்ணுங்கள், பிறகு முகங்களை எண்ணுங்கள். பல படங்களில் முகம் ஒன்றிரண்டு கூடுதலாக வரும். ஓரத்தில் கொஞ்சம் தள்ளி நிற்பவர் ஆய்வகப் பணியாளராக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். அவர் பெயரை யாரும் எழுதவில்லை. ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். ஆண்டும் துறையும் தெரிந்துவிட்டதால் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கண்காட்சியிலிருந்து பெட்டிக்குப் போகும் வழி என்று நான் சொன்னது இதைத்தான். பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த ஆண்டுப் படத்தில் அவர்கள் முதலில் தென்படுகிறார்கள், எல்லோரும் ஒரே மாதிரி உடையா, பின்னால் தெரியும் கட்டடம் இன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரே படத்தில் அரைமணி நேரம் போய்விடும்.

யார் இல்லை என்று பார்ப்பதற்குக் கேம்பிரிட்ஜ் ஒரு பாடம். பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூன்ஹாம் 1871இலும் தொடங்கின. பெண்கள் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். முழுமையான பட்டம் மட்டும் 1948 வரை கிடைக்கவில்லை. 1897இல் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது, சைக்கிளில் போகும் பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தக் காட்சியின் ஒளிப்படங்கள் பிழைத்திருக்கின்றன. கர்ட்டன் தொடங்கி 150 ஆண்டு ஆனதை ஒட்டி 2019இல் பல்கலைக்கழக நூலகம் பெண்களின் கேம்பிரிட்ஜ் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தது. தன் பழைய பிடிவாதத்தைத் தானே எடுத்துப் பொதுமக்கள் முன் வைக்கும் பல்கலைக்கழகத்தை நான் மதிக்கிறேன்.

5. காப்பாளரிடம் என்ன கேட்பது?

சுற்று முடிந்ததும் கேள்வி நேரம் இருக்கும். "இதில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் சுவையான பதில் வரும், ஆனால் அதோடு முடிந்துவிடும். இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பொருள் உங்களிடம் எப்படி வந்தது?", "இடம் போதாமல் விட்டுவிட்ட பொருள்கள் எவை?", "இந்தத் தொகுப்பில் இதுவரை யாரும் எடுத்துப் பார்க்காதது ஏதாவது உண்டா?" மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான காப்பாளர்களின் முகம் மலரும். பட்டியலிட ஆளில்லாமல் கிடக்கும் பெட்டிகளைப் பற்றி அவர்கள் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

6. வாசிப்பறைக்குப் போகும் நாள்

இதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றும் இல்லை. முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

போவதற்கு முன்பே இணையப் பட்டியலில் தேடி, வேண்டிய பெட்டிகளின் குறிப்பெண்களை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பெட்டிகள் வேறு கட்டடத்தில் இருக்கலாம், எடுத்து வர நாளாகும். அடையாள அட்டை வேண்டும். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். மை சிந்தினால் துடைக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு கோப்பு. தாளுக்குக் கையுறை தேவையில்லை, சுத்தமான ஈரமில்லாத கை போதும். துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும் என்பதால் பல காப்பகங்கள் அதை விட்டுவிட்டன. ஒளிப்படங்களுக்குக் கையுறை கொடுப்பார்கள். கனமான ஏடுகளைச் சாய்வுத் தாங்கியில் வைத்து, பக்கம் மூடாமலிருக்க எடைச்சரத்தைப் போட்டுப் படியுங்கள்.

தாள்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் திரும்ப வையுங்கள். தேதி முன்பின்னாக இருந்தாலும் சரிசெய்ய வேண்டாம். ஒரு அலுவலகத்திலிருந்து வந்த ஆவணங்களை மற்றவற்றோடு கலக்காமல், அந்த அலுவலகம் வைத்திருந்தபடியே காப்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. எந்தக் கடிதத்தோடு எது சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது என்பதே பல நேரங்களில் சான்றாகிவிடும்.

என்ன படிப்பது? அச்சானதிலிருந்து தொடங்குங்கள். ஆண்டு அறிக்கை, பல்கலைக்கழகக் கையேடு, மாணவர் இதழ் ஆகியவற்றில் ஆண்டும் பெயரும் கிடைத்துவிடும். அடுத்து ஆட்சிக்குழு, கல்விக்குழுக் கூட்டக் குறிப்புகள். இவை "விவாதித்துத் தீர்மானிக்கப்பட்டது" என்று வறட்சியாக இருக்கும். ஆனால் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள கோப்பைக் கேட்கலாம். கோப்புக்குள்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு விடுதிக் கோப்பைத் திறந்தால் முதலில் மாணவர்களின் மனு, அதன் ஓரத்தில் விடுதிக் காப்பாளரின் குறிப்பு, கீழே பதிவாளரின் சுருக்கொப்பம், பிறகு கணக்குப் பிரிவின் மறுப்பு, நிதி வந்ததும் மீண்டும் ஒரு குறிப்பு என்று தாள் மேல் தாளாகப் போகும். கூட்டக் குறிப்பில் ஒரே வரியாக இருக்கும் முடிவுக்கு இங்கே இரண்டு ஆண்டு வாக்குவாதம் இருக்கலாம். மனுவின் அடியில் உள்ள கையெழுத்துகளையும் விடாமல் படியுங்கள். மாணவர் பட்டியலில் வெறும் பெயராக இருந்தவர்கள் அங்கே ஒரு காரணத்துக்காக ஒன்றுசேர்ந்திருப்பார்கள்.

எல்லாக் கோப்பும் திறந்திருக்காது. தனிமனிதர் பற்றிய தகவல்களுக்கு மூடுகாலம் உண்டு. ஹார்வர்டில் பொதுவான நிர்வாகக் கோப்புகளை 50 ஆண்டுகளும், மாணவர்கள், பணியாளர்கள் பற்றிய பதிவுகளை 80 ஆண்டுகளும் மூடி வைக்கிறார்கள். மற்ற இடங்களில் கணக்கு வேறாக இருக்கும். மூடிய கோப்பைக் கேட்டு வாதாட வேண்டாம். எந்த ஆண்டு திறக்கும், சிறப்பு அனுமதிக்கு வழி உண்டா, அதே செய்தி இருக்கும் வேறு ஆவணம் எது என்று கேளுங்கள்.

7. காப்பகத்தில் இல்லாததையும் தேடுங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க உதவுவதற்காக, 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 அடிமைகளை லூயிசியானாவுக்கு விற்றார்கள். அந்த விற்பனைத் தாள்கள் அழியாமல் இருந்தன. ஆனால் நெடுங்காலம் அவை பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதைக்குள் வரவில்லை. 2015இல் இதை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் பிறகு ஆவணங்களை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்தார்கள். அந்தப் பட்டியல்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைக் கண்டுபிடித்தார்கள். விற்பனைப் பட்டியலில் முதல் பெயர் ஐசக் ஹாக்கின்ஸ். 2017இல் வளாகத்துக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் அந்தக் கட்டடம் விற்பனையை நடத்தி வைத்தவரின் பெயரில் இருந்தது. ஒரு பெட்டிக்குள் கிடந்த பட்டியலால் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சில இடைவெளிகளுக்குக் காரணம் நெருப்பு. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. திரும்பக் கட்டிய நூலகம் 1940இல் மறுபடி எரிந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவிலிருந்து பரவிய தீ ஜாகர் வாசிப்பறையை அழித்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல்களிலும் திரைப்படத் தொகுப்பிலும் பெரும்பகுதி போய்விட்டது.

எழுதி வைக்காததை மனிதர்களிடம்தான் கேட்டாக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் வாய்மொழி வரலாற்றுப் பதிவை ஒரு முறையான பணியாகத் தொடங்கினார். இன்று பல காப்பகங்களில் இதற்குத் தனித் தொகுப்பு உண்டு. ஓஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று தேசியக் காவல்படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். அந்த நாளைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் சொன்னவற்றை அந்தப் பல்கலைக்கழக நூலகம் பதிவுசெய்து காத்து வருகிறது. ஒரே நிகழ்வைப் பற்றி இவ்வளவு மாறுபட்ட நினைவுகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது, அதிகாரபூர்வ அறிக்கை ஒன்றை மட்டும் படித்துத் திருப்தி அடைவது இனி உங்களால் முடியாது.

8. கட்டடங்களையும் படியுங்கள்

ஆவணத்தைப் பார்த்த பிறகு வளாகத்தில் ஒரு நடை போங்கள். வளாகச் சுற்று நடத்தினால் சேர்ந்துகொள்ளுங்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 1595இல் கட்டிய உடற்கூறு அரங்கு இன்றும் நிற்கிறது. நடுவில் மேசை, அதைச் சுற்றி மாணவர்கள் நெருக்கியடித்து நின்று எட்டிப் பார்த்த நீள்வட்ட அடுக்குகள். அங்கேயே, 1678இல் முனைவர் பட்டம் பெற்ற எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா என்ற பெண்ணின் சிலையும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மாணவர் சிறை ஒன்று உண்டு. ஒழுங்கு மீறிய மாணவர்களைப் பல்கலைக்கழகமே அங்கே அடைத்து வைத்தது. 1914 வரை அது புழக்கத்தில் இருந்தது. அடைபட்டவர்கள் வரைந்த முகங்களும் எழுதிய பெயர்களும் சுவரிலும் கூரையிலும் நிறைந்திருக்கின்றன. தண்டனைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சுவரிலும் தேடலாம்.

உங்கள் பல்கலைக்கழகம் இவ்வளவு பழையதாக இருக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் பெயர் எப்போது மாறியது, பெண்கள் கழிப்பறை எந்த ஆண்டு வரைபடத்தில் முதலில் வருகிறது, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எப்போது வந்தது என்று பழைய வரைபடத்தையும் கண்முன் உள்ள கட்டடத்தையும் ஒப்பிட்டாலே வரலாறு கிடைக்கும்.

9. தொலைவில் இருப்பவர்களுக்கு

நேரில் போக முடியாதவர்கள் இணையக் கண்காட்சிகளிலிருந்து தொடங்கலாம். நன்றாகச் செய்தவற்றில் படத்தைப் பெரிதாக்கி ஓரக் குறிப்பு வரை படிக்கலாம். ஸ்கேன் செய்த மாணவர் இதழ்களில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கணினி பழைய அச்செழுத்தைத் தவறாகப் படித்திருக்கக்கூடும். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் வேறு எழுத்துக்கூட்டலிலும், ஊர்ப் பெயரை வைத்தும், நிகழ்வின் பெயரை வைத்தும் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பழைய இணையப் பக்கங்கள் வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் 1996 முதலான பதிவுகள் இருக்கின்றன. மூடப்பட்ட துறைகளின் பக்கங்களை நான் முதலில் தேடிப் போவது அங்கேதான்.

ஒன்றிரண்டு தாள்கள் மட்டும் தேவை என்றால் நகல் அனுப்பச் சொல்லி எழுதலாம். கட்டணம் இருக்கலாம். குறிப்பெண்ணோடு எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

10. குறிப்பெடுப்பதும் கொடுப்பதும்

எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், கோப்பின் அட்டையைக் குறிப்பெண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்தத் தாள் எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. எழுதி வெளியிடுவதாக இருந்தால், படிக்கத் தரும் அனுமதி வேறு, படத்தை வெளியிடத் தரும் அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரம் கண்ணில் பட்டால், கோப்பு திறந்திருக்கிறது என்பதற்காக அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் கையிலும் ஏதாவது இருக்கும். விடுதி அடையாள அட்டை, கலைவிழாத் துண்டறிக்கை, போராட்டத்துக்கு எழுதிய பதாகை, வகுப்புக் குறிப்பேடு. நிர்வாகக் கோப்பு எவ்வளவு வேண்டுமானாலும் காப்பகத்துக்கு வந்து சேரும். மாணவர் வாழ்க்கையைப் பற்றிய பொருள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் வரும். ஒளிப்படம் கொடுப்பதானால் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். எல்லோர் பெயரையும் எழுதுங்கள், ஓரத்தில் நிற்கும் உணவுக்கூடப் பணியாளர் பெயர் உட்பட. செலோடேப் ஒட்டவோ பிளாஸ்டிக் உறை போட்டு உருக்கி மூடவோ வேண்டாம். கைபேசிப் படங்களைக் கொடுப்பதானால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதிகளைத் தவிர்த்து மூலக் கோப்புகளைக் கொடுங்கள். ஒப்படைக்கும்போது ஒப்பந்தத் தாள் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்குப் பிறகு பொதுப் பார்வைக்குத் திறக்கலாம், வேண்டாம் என்று முடிவானால் திருப்பித் தருவார்களா என்ற மூன்றையும் அதில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.